அப்பாவின் வெயில் நோட்டு

ஓசூரின் குளிர் தன் சொந்தச் சம்பாத்தியம் என்று அப்பாவுக்கு நினைப்பு. மதுரையிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பீற்றிக்கொள்வார். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. வாசலில் ஒரு வெப்பமானி, மாடியில் மழைக்கு ஒரு டப்பா. தினமும் பார்த்து, நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஜூஜுவாடிப் பக்கம் வீடு கட்டினோம். தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த அன்று, அம்மாவின் அண்ணன் மதுரையிலிருந்து வந்திருந்தார்.

"என்ன மாப்ள, ஃபேனுக்குக் கொக்கி விடலயா?"

"ஓசூர்ல எதுக்கு மச்சான் ஃபேன்? இங்க சித்திரையிலயும் போர்வ வேணும்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இப்பவே சொல்லிடுங்க சார். நாளைக்குக் காங்கிரீட் கொட்டிட்டா, அப்புறம் ஒடைக்கத்தான் வேணும்."

மாமா சிரித்தார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னை நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, சித்திரை வெயிலை மட்டும் வருஷவாரியாகப் படிக்கச் சொன்னார்.

முதல் சில வருடங்கள் சுகமாகப் போயின. அப்புறம் எண்கள் ஏறின. கோடை மழைக்கான கட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஏறிய எண்ணின் பக்கத்தில் 'இந்த வருஷம் மட்டும் கொஞ்சம் அதிகம்' என்று அப்பா குறித்திருந்தார். அடுத்த வருடமும் அதே குறிப்பு. அதற்கடுத்த வருடமும்.

மாமா முன்னால் அப்பா தோற்பதை என்னால் தாங்க முடியாது. முப்பத்தாறு என்றிருந்ததை முப்பத்திரண்டு என்று படித்தேன். மற்றவற்றையும் தாராளமாகக் குறைத்தேன்.

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"கேட்டீங்களா மச்சான்? எம்பொண்ணு படிச்சிருச்சு!"

மாமா பேச்சை மாற்றி, மேஸ்திரியிடம் கம்பி விலை கேட்கப் போனார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, தளத்தைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்தபோது, அறைக்கு ஒரு கொக்கி தொங்கியது. மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன்.

"என்னய ஏன் பாப்பா திட்டற? காங்கிரீட் கொட்டற அன்னிக்குக் காலைல, ஷிஃப்ட்டுக்குப் போறப்ப உங்கப்பாதான் வந்து வெக்கச் சொன்னாரு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்காகப் பொய் சொன்னேனே, அவரே என்னை நம்பவில்லையே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்பா காரணமும் சொல்லவில்லை; பரோட்டா மட்டும் வாங்கி வந்தார்.

அந்த எண்களையெல்லாம் தன் கையால் எழுதியவர் அவர். நான் படிக்க ஆரம்பித்ததுமே பொய் என்று தெரிந்திருக்கும். தெரிந்தும் மாமா முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவேயில்லை.