கிட்னி என்று சொன்ன அம்மா

பெருங்குடல் புண்ணாகி ரத்தமாகப் போனதால், வாரம் ஒருமுறை சேலத்து மருத்துவமனையில் என் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டு, புண்ணைக் கிளறும் வெள்ளை அணுக்களை வடிகட்டிவிட்டுத் திரும்ப ஏற்றினார்கள். பார்க்க டயாலிசிஸ் மாதிரியே இருந்தது அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று. சொந்தக்காரர்களிடமெல்லாம் கிட்னி என்று சொல்லிவிட்டாள். கிட்னி என்றால் கௌரவமாம். குடல் என்றால் அசிங்கமாம்.

ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தி என் டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டாள். "கிட்னிக்காரங்க தண்ணி குடிக்கக் கூடாது சாமி."

காலையிலிருந்து ஆறுமுறை கக்கூஸ் போய்வந்ததில் எனக்கு நாக்கு வறண்டிருந்தது. பக்கத்தில் அம்மா தன் இலையையே பார்த்தாள்.

"கிட்னி இல்லீங்க சித்தி, குடல்ல புண்ணு. பேதியில ரத்தம் போகுது. தண்ணியக் குடுங்க."

"சாப்புடற எடத்துல பேசற பேச்சா இது?" என்றாள் அம்மா.

"குடிக்கற தண்ணியப் புடுங்கறப்ப நீ எங்கம்மா இருந்த?"