மஞ்சள் தண்ணீர் குடித்த சக்கரம்

எங்கே வண்டியை நிறுத்தினாலும் இறங்கியதும் நாலு சக்கரத்தின் நடுவையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார் செங்கல்வராயன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று தாய் நெற்றியைத் தொடுவாளே, அப்படி. திருமலையில் மொட்டை போட்டு வந்தவர்கள் சந்தனத் தலையோடு பின்சீட்டில் தூங்கி வழிவார்கள். பெட்டியை இறக்கச் சொல்லி யாராவது குரல் கொடுப்பார்கள். அவர் காதில் விழாது. நாலையும் தொட்டு முடித்து, "சில்லுனு கீது" என்று தனக்கே சொல்லிக்கொண்ட பிறகுதான் பெட்டி, டீ, வெற்றிலை எல்லாம்.

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் அவர் வீட்டு வாசலில் நிற்கிற வெள்ளை அம்பாசிடர், திருப்பதியில் ஒரு பாத்திரக்கடைக்காரரிடமிருந்து கைமாறி வந்தது. வாங்கிய அன்றே காணிப்பாக்கம் கொண்டுபோய்ப் பிள்ளையார் எதிரே நிறுத்திப் பூஜை போட்டார். வீட்டில் தமிழ் பேசுகிற மனுஷன், வண்டியிடம் மட்டும் தெலுங்குதான். மேட்டில் முனகினால் "ரா தல்லி, ரா" என்று தாயை வரச்சொல்லிக் கூப்பிடுவது போல் கெஞ்சுவார். கேட்டால், "அது தெலுங்குக்காரங்க ஊட்ல வளந்தது. நம்ம பேச்சு அதுக்கு இன்னா புரியும்?" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். ஏசி வைத்த புது வண்டிகள் ஊருக்குள் வந்து, சவாரி பாதியாய்ப் போனதைப் பற்றி அவர் புலம்புவதில்லை. "அதெல்லாம் கண்ணாடிய மூடிக்கினு போற வண்டி. மலைக் காத்து உள்ள வராது" என்பதோடு சரி.

வண்டிக்கு வெள்ளிக்கிழமை பூஜை அவர் மனைவி அம்சவேணியுடையது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவிலே குடம் என்று ஒன்று இருக்குமே, அதைத்தான் மோட்டார்க்காரர்கள் ஹப் என்கிறார்கள். அம்சவேணிக்கு அது சக்கரத்தின் தொப்புள். "தொப்புள் குளுந்தா ஒடம்பே குளுந்துரும்" என்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். முன்பக்க இடது சக்கரத்தின் மூடி புத்தூர் ரோட்டில் எங்கேயோ கழன்று விழுந்துவிட, பழைய தகர டப்பாவை வெட்டித் தட்டி அந்த இடத்தில் செருகியிருந்தார் செங்கல்வராயன். மூளியாய்ப் போன அந்தச் சக்கரத்தின்மேல் இரக்கப்பட்டு, அதற்கு மட்டும் அவள் இன்னொரு சொம்பு சேர்த்தாள்.

அந்தச் சக்கரம்தான் ஊளையிட ஆரம்பித்தது. முதலில் அவருக்கே தெரியவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் மின்தறி ஓடுகிற ஊர். தறிச் சத்தத்துக்குள் அது கரைந்துபோயிற்று. ஊர் தாண்டி, கரும்புக் கொல்லை வந்த பிறகும் தறி கூடவே ஓடிவருகிறதே என்றுதான் சந்தேகம் வந்தது. வீட்டில் சொன்னார். திருஷ்டி என்று முடிவு கட்டினாள் அம்சவேணி. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாவது சொம்பு. அதற்கடுத்த வாரம் அவர் தொட்டபோது புறங்கை சுட்டது.

அந்த நேரம் பார்த்து மகளுக்கு டிக்கெட் வந்தது. சித்தூரில் நர்ஸாக இருந்த காவ்யாவுக்குக் குவைத்தில் வேலை. சென்னையில் வெள்ளிக்கிழமை ராத்திரி விமானம். பெண்பிள்ளையை வெள்ளிக்கிழமை வாசல் தாண்டி அனுப்புகிறோமே என்று அம்சவேணிக்கு ஒரு வாரமாய்ச் சோறு இறங்கவில்லை. விமானக்காரனுக்கு ஏது வெள்ளி, செவ்வாய் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் தாய் ஒன்றே ஒன்றுக்கு இறங்கி வந்தாள். "நம்ம வண்டில போவட்டும். அதுல சாமி கீது. வேற வண்டின்னா நான் அனுப்பவே மாட்டேன்."

புத்தூர் மெக்கானிக் நாகபூஷணத்தைக் கூப்பிடலாம் என்றால் அவனும் போன வருஷமே குவைத்துக்குப் போய்விட்டான். செங்கல்வராயன் பஸ் ஏறித் திருப்பதி போய்ப் புது ஹப், பேரிங், மூடி எல்லாம் வாங்கி, கைக்குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வியாழக்கிழமை காலையில் மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

தகர மூடியை நெம்பியதும் கை நின்றுவிட்டது. கறுப்பாய் இருக்க வேண்டிய கிரீஸ் மோர்க்குழம்பு நிறத்தில் வழிந்தது. மோந்து பார்த்தார். மஞ்சள். பேரிங் துருவேறி, ஹப்பின் உள்பக்கத்தையே அரைத்துத் தின்றிருந்தது.

பின்னால் அம்சவேணி மோர் சொம்போடு வந்து நின்றாள். அவள் கண்ணில் படுவதற்குள் அவர் பழந்துணியால் ஒரே இழுப்பில் வழித்து எடுத்தார்.

"திருஷ்டிதான?"

"வயசாய்டிச்சி. இரும்பு எத்தினி நாளைக்கி ஒழைக்கும்?"

"நான் இன்னும் ரெண்டு சொம்பு ஊத்தியிருக்கணும். என் தப்புதான்."

"நீ ஊத்தனதாலதான் இத்தினி நாள் ஓடிச்சி" என்றார் அவர், நட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கொஞ்சம் முகம் தெளிந்து உள்ளே போனாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த காவ்யா வெளியே வந்தவள், பழந்துணியின் மஞ்சளைப் பார்த்தாள். குனிந்து கிசுகிசுத்தாள்.

"நைனா, அம்மா வேலைதான இது?"

"தகரத்த செருகினவன் நானு. போய் ஊறுகாய இறுக்கிக் கட்டு. ஏரோப்ளேன்ல ஒழுவிடப் போவுது."

புது பேரிங்கில் உள்ளங்கையால் கிரீஸை அடைத்தார். ஹப்பை ஏற்றி, நட்டை முடுக்கி, ஒரு நூலளவு தளர்த்தி, அது கழலாதபடி கம்பிப் பின்னைச் செருகி வளைத்தார். பளபளவென்ற புது மூடியைத் தட்டி உட்கார வைத்துச் சக்கரத்தையும் மாட்டினார். ஆனால் ஜாக்கியை இறக்கவில்லை. சத்தம் போய்விட்டதா என்று தறி ஓடும்போது எப்படித் தெரியும்? சுவரில் சாய்ந்து கரண்ட் போகிறவரை காத்திருந்தார். எல்லாரும் சபிக்கிற கரண்ட் கட்டுக்கு அவர் ஒருவர்தான் அன்றைக்கு வேண்டிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்குத் தெருவே சட்டென்று அடங்கியது. ஓடிப்போய்ச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. "மஞ்சி பிட்டா" என்று நல்ல பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல் டயரைத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை பெட்டி ஏறியது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்சவேணி மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். மூன்று சக்கரத்தை முடித்து, இடது முன்சக்கரத்துக்குச் சொம்பை விளிம்புவரை நிரப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. உதடு எதையோ ஜபித்துக்கொண்டிருந்தது.

செங்கல்வராயன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, புது மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"கைய எடுங்க."

"அன்னிக்கி சுட்டது இந்தக் கைதான். இதுக்கு ஊத்து. எல்லாத்துக்கும் சேரும்."

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் அவர் புறங்கையில் விழுந்து, விரல்களில் பிரிந்து, எலுமிச்சம்பழத்தை நனைத்து மண்ணில் இறங்கியது. சொம்பு காலியாகி, கடைசிச் சொட்டும் வடிந்த பிறகுகூட, அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.