மோட்டாருக்கு நல்ல தண்ணீர்

எழுபதுகளில் மீனவர் சங்கத்தின் வழியாக என் அப்பாவின் படகுக்கு ஒரு மோட்டார் கிடைத்தது. ஐப்பசி பிறந்தால் முகத்துவாரம் கொந்தளிக்கும். தை வரை படகு கரையில்தான். மோட்டாரையும் கழற்றி வைத்துவிட வேண்டும். கெட்டுப்போனால் சங்கம் இன்னொன்று தராது, மறுபடி துடுப்புதான். அப்பாவுக்கு அதற்குள் தோள் இறங்கிவிட்டிருந்தது.

நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். ஞாயிறன்று ஊருக்கு வந்ததும் அப்பா மோட்டாரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நீட்டினார்.

"நம்ம ஊட்ல படிச்சவன் நீ ஒருத்தன்தான். எப்டி வெக்கணும்னு சொல்லு."

பனி பெய்யும் தேசத்தில் எழுதிய புத்தகம். உள்ளே தண்ணீர் தங்கினால் பனிக்கட்டியாகி மோட்டாரையே பிளந்துவிடும் என்றது.

"நம்மூரு மார்கழிக்குப் பொளக்குமா?"

"பொளக்காது நைனா."

அதற்கு முந்தைய வரிதான் எங்களுக்கானது. பீப்பாய் நிறைய நல்ல தண்ணீரில் மோட்டாரை நிறுத்தி ஓட்ட வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்க ஓட்டை வழியாகத் துப்பும்போது உள்ளிருக்கும் உப்பெல்லாம் போய்விடும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குப்பத்துக்கே மணலில் தோண்டிய ஓர் ஊற்றுதான், அதற்கும் வரிசை. அப்பா போய்க் கேட்டார்.

"இன்னா மாமா, மோட்டாருக்குத் தாகமா? கலர் சோடா வாங்கி ஊத்தேன்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

மழைக்குக் காத்திருப்பது என்று முடிவானது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அந்த வாரமே ஒரு மழை பெய்தது. கம்பெனி ஷெட்டின் தகரக் கூரையில் அது விழ விழ எனக்குப் பீப்பாய் நினைப்புதான்.

அடுத்த ஞாயிறு அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஓட்டிட்டேன்டா. தண்ணி சும்மா கயிறு மாதிரி அடிச்சுது பின்னால."

பீப்பாய் கூரை விளிம்புக்குக் கீழே இருந்தது. எட்டிப் பார்த்தேன், தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. கோடை முழுக்க அந்தக் கூரைமேல்தான் வலை காயும், கருவாடு காயும். முதல் மழை அத்தனை உப்பையும் கழுவிப் பீப்பாயில் சேர்த்திருந்தது.

அப்பாவும் தொட்டு நக்கிப் பார்த்தார். பீப்பாயைக் கவிழ்த்து, உருட்டிக்கொண்டு போய் வெட்டவெளியில் நிறுத்தினார்.

அதன்பிறகு வானம் வெளுத்துவிட்டது. மேகம் வரும், பொன்னேரிப் பக்கம் ஒதுங்கிப் போகும். மோட்டாருக்குள் உப்பு காய்ந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. நான் ஊரில் இருந்த அன்றே பீப்பாய் நிறைந்தது. இந்தத் தடவை ருசி பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை இறக்கினோம். அப்பா கயிற்றை இழுத்ததும் கிளம்பிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பின்பக்க ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வரவில்லை.

"நிறுத்து நைனா, உப்பு அடச்சிக்கிச்சு. தண்ணி ஓடலைன்னா சூட்டுல எரிஞ்சிடும்."

நிறுத்தினார். மூடிமேல் கை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டார்.

"புக்கு இன்னா சொல்லுது?"

புத்தகத்தில் ஈரம் படாமல் குனிந்துகொண்டு தேடினேன். அருகிலுள்ள மோட்டார் கம்பெனி மெக்கானிக்கிடம் காட்டவும் என்றிருந்தது. படித்துச் சொன்னேன்.

"அருகில்னா எங்க?"

"பட்டணத்துல."

மழை வலுத்துக்கொண்டே இருந்தது. "பஸ்சே நின்னு போச்சு" என்று அப்பா சொல்லிவிட்டு, கோணியை எடுத்துக்கொண்டு வந்து மோட்டார்மேல் போர்த்தினார்.