முதல் ரீடிங்

வீட்டில் அவள் கடைக்குட்டி, ஆய்வகத்தில் பெரியக்கா. இந்தப் பட்டம் வயதால் வந்ததல்ல, முனைவர் படிப்பை முடிக்காமல் இழுத்துக்கொண்டே போனதால் வந்தது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களே முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அம்மா போனில் கேட்கிற இரண்டு கேள்விகள் மாறவே மாறாது: சாப்பிட்டியா, எப்ப முடியும்? முதலாவதற்குப் பெரும்பாலும் பொய், இரண்டாவதற்கு எப்போதும் பொய் என்று அவளுக்கும் பழகிவிட்டது. செடியைப் பட்டினி போட்டு வேடிக்கை பார்ப்பதற்கு இத்தனை வருஷப் படிப்பா என்று சித்தப்பா சொந்தக்காரர்கள் முன்னால் வாரிவிடுவார். அவர் சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

அவள் வேலை அதுதான். இரண்டு வகை அவரைச் செடிகளை வளர்த்து, தண்ணீரைக் குறைத்து, இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாக எவ்வளவு ஈரம் வெளியேறுகிறது என்று அளப்பாள். இலையைக் கவ்விப் பிடிக்கும் கிடுக்கி மாதிரி ஒரு கருவி, அதன் திரையில் சில நிமிடங்களுக்கு ஒரு எண். தண்ணீர் குறைந்ததும் ஒரு வகை சட்டென்று துளைகளை மூடிக்கொள்கிறது, மற்றது மூடுவதில்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. இந்த முறை நிஜமாகவே முடிந்துவிட்டது. ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. இந்தக் கண்டுபிடிப்பை நம்பியே வேறோர் ஊர் ஆய்வு நிலையத்தில் வேலையும் தயாராக இருந்தது.

கருவியோடு வந்த கையேட்டில் ‘இலையைப் பொருத்தவும்’ என்று ஒரே ஒரு வரி. எந்த இலையைத் தேர்ந்தெடுப்பது, நிழல் விழாமல் எப்படி நிற்பது, நம் மூச்சுக் காற்று இலைமேல் படாமல் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் அதில் கிடையாது. அவள் கற்றுக்கொண்டது ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிட்ட நெட்டையான சீனியரின் பக்கத்தில் நின்று. ஒட்டகம் வாயைத் திறக்காது, கையைத்தான் பார்க்க வேண்டும். திரையில் வரும் முதல் எண்ணை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து பதிவு செய்வதையும் அப்படிப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, சார் அப்படித்தான் செய்வார் என்று பதில் வந்தது; சார் என்றால் அவர்களுடைய வழிகாட்டிப் பேராசிரியர். அப்போது அவளுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது.

இப்போது அவள் கிளம்புகிற நேரம், அவள் இடத்துக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பாடம் நடத்திவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். பெரியக்காவைவிட நன்றாகவே மூத்தவர், இருந்தாலும் வாய் நிறையப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே, முதல் எண்ணை ஏன் விடுகிறோம் என்று கேட்டார். மிஷின் நிதானத்துக்கு வரணும் என்று பெரியக்கா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். டீச்சர் தலையாட்டினார். சொன்னவளுக்குத்தான் அந்தப் பதில் செரிக்கவில்லை.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் செடிகள் வளரும் கண்ணாடி வீட்டுக்குப் போய், ஒரு வரிசைச் செடிகளில் முதல் எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்தாள். தண்ணீர் குறைந்த செடிகளில், முதல் எண் இரண்டு வகைக்கும் ஒன்றுபோலவே இருந்தது. இரண்டாவதில்தான் ஒரு வகை சரிந்தது. அதாவது அந்தச் செடி தாகத்துக்கு மூடவில்லை, தாகத்தில் இருக்கும்போது கிடுக்கியை மாட்டினால் மூடுகிறது. வயலில் எவனும் இலைக்கு இலை கிடுக்கி மாட்டப் போவதில்லை. அந்த வாரம் முழுக்க மற்ற வரிசைகளையும் அளந்து பார்த்தாள், எதுவும் மாறவில்லை. பழைய முதல் எண்களைத் தேடி எடுக்கலாம் என்றால் அவை எங்கேயும் இல்லை, பதிவு செய்திருந்தால்தானே.

சாரிடம் போய், இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று மட்டும் பட்டும் படாமலும் கேட்டாள். அவர் சிரித்தார். முன்பிருந்த கருவியின் குழாய் நீளம், போன இலையின் காற்று அதில் தங்கிவிடும், அதனால் முதல் எண் எப்போதும் குப்பை என்றார். அந்தக் கருவி அவள் சேர்வதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. குழாய் போனது, பழக்கம் மட்டும் கை மாறிக் கை மாறி அவளிடம் வந்திருக்கிறது. தான் அளந்து பார்த்ததைச் சொல்லாமலே, சரி சார் என்று திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு தனக்குத்தானே நிறைய நியாயம் சொல்லிக்கொண்டாள். யாருக்குத் தெரியப் போகிறது? வேலையில் சேர்ந்த பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். அம்மா வேறு ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பயம்தான், வேறொன்றும் இல்லை.

அச்சுக்குக் கொடுக்கக் கிளம்பிய நாளில் கண்ணாடி வீட்டை எட்டிப் பார்த்தாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிழல் விழாமல், அச்சு அசலாக அவளைப் போலவே நின்றிருந்தார். திரையில் முதல் எண் வந்தது. டீச்சர் அதைப் பார்க்கக்கூட இல்லை, இரண்டாவதற்காகக் காத்திருந்தார்.

“அன்னைக்கு ஏன்னு கேட்டீங்களே டீச்சர், அப்புறம் ஏன் கேக்கவே இல்ல?”

“நீங்க சொன்னா காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். இங்க அதிகமா கேக்கக்கூடாது போலன்னும் தோணுச்சு.”

முதல் வாக்கியம் அவளுக்கு வலித்தது. இரண்டாவது வாக்கியத்தைத் தாங்க முடியவில்லை. கேள்வி கேட்கக்கூடாது என்று அவள் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனாலும் டீச்சர் கற்றுக்கொண்டுவிட்டார்.

அச்சகத்துக்குப் போகாமல் நேராக சாரின் அறைக்குப் போனாள். எண்களை மேசைமேல் வைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள். சார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இது என் தப்பு. மிஷின் மாறினப்பவே நான் சொல்லியிருக்கணும்,” என்றார் கடைசியில். “உன் வேலை என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“சரி, டீச்சரைக் கூப்பிடு. இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே அவங்ககிட்டயும் சொல்லு.”

டீச்சர் வந்து நின்றார். இரண்டாவது முறையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டீச்சர் கையிலிருந்த தன் எண்களைப் பார்த்தார்.

“அப்ப நான் எடுத்ததும் போச்சா?”

“போச்சு டீச்சர். நான் கத்துக் கொடுத்ததுதானே.”

டீச்சர் தன் எண்களை மடித்து வைத்துவிட்டு, இலையைக் கழுவாமல் தூசியோடே அளக்கச் சொல்லிக் கொடுத்தீர்களே, அது மட்டும் எதற்கு என்று கேட்டார்.

பெரியக்காவுக்கு வாய்க்கு ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

“எனக்குத் தெரியல,” என்றாள்.