மருந்து வைச்சாச்சு

வலி வராத பிள்ளைத்தாய்ச்சிக்கு வலியை வரவைப்பது என் தொழில். அதைப் பார்க்க வந்த சொந்தக்காரரைப் போகவைக்கத்தான் எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை. லண்டனில் பிள்ளை பெற்ற தாய்மாரே, என்னைப்போல மிட்வைஃப் வேலையில் மாரடிக்கிறவர்களே, உங்களுக்கு இது புதுக்கதை இல்லை.

வீடோ, வாட்டோ?

தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் வதனிக்கு இரண்டாவது பிள்ளை. குறித்த திகதி கடந்தும் வலி இல்லை. இப்படியானவர்களுக்கு மருந்து வைத்து, பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்த்து, எல்லாம் சரியென்றால் வீட்டுக்கு விடுவோம். விரும்பினால் ஆஸ்பத்திரி வாட்டிலேயே காத்திருக்கலாம். முதல் பிள்ளைக்கு வாட்டில் கிடந்து பட்டது போதும் என்றாள் அவள். பக்கத்துக் கட்டில்காரியின் போன் சத்தத்தில் கண்ணே மூடவில்லையாம். "வலி வரமுதல் எனக்கு ஒரு நல்ல நித்திரை வேணும் அக்கா. வீட்டை போறன்," என்றாள்.

தண்ணீர்க்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால் உடனே போன் எடுக்கச் சொல்லிப் படித்துப் படித்துச் சொன்னேன். அவளுடைய மனுசன் ரவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு கேட்டான்: "அது சரி அக்கா, வலி எத்தினை மணிக்குத் தொடங்கும்? ஆக்களுக்குச் சொல்லவேணும்."

சீனி போடாத ஆக்கள்

பின்னேரம் நிலைமை கேட்க நானே போன் எடுத்தேன். பின்னால் ஒரே இரைச்சல். கலியாண வீட்டில் நிற்கிறாளோ என்று நினைத்தேன். வீடுதானாம். ரவி குடும்ப வாட்ஸ்அப்பில் "மருந்து வைச்சாச்சு" என்று போட்டிருக்கிறான். கிங்ஸ்பரி மாமி குடும்பத்தோடு வந்துவிட்டா. டூட்டிங் சித்தப்பா வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு வந்திருக்கிறார். எல்லோரும் சோபாவில் இருந்து வலி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடலாமா?

"ஆர் தேத்தண்ணி ஊத்துறது?" என்று கேட்டேன்.

"வேற ஆர் அக்கா? ஆருக்குச் சீனி போடக்கூடாதெண்டு எனக்குத்தானே தெரியும்."

எனக்கு விசர் வந்தது. போனை ரவியிடம் கொடுக்கச் சொல்லி, "தம்பி, முதல்ல ஆக்களை அனுப்பும். அவள் படுக்கவேணும்," என்றேன். அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எப்பிடி அக்கா எழும்பிப் போங்கோ எண்டு சொல்லுறது? சித்தப்பா இன்னும் சாப்பிடேல்லை."

பையோடு வந்தவள்

இருட்டமுதலே வதனி பையைத் தூக்கிக்கொண்டு வாட்டு வாசலில் நின்றாள். பதறிப்போய்ச் சோதித்தேன். வலியும் இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை, பிள்ளை நல்ல சுகம். "பிறகேன் வந்தனீர்?" என்றேன்.

"இங்கை பார்க்க வாறதிலை ஒராளைத்தானே உள்ளுக்கு விடுவியள்?"

கட்டில் கொடுத்தேன். பக்கத்துத் திரைக்குள் யாரோ போனில் சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வதனி அதைக் காதிலேயே வாங்காமல் குறட்டை விட்டாள். அவள் ஆசைப்பட்ட நித்திரை கிடைத்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. விடியத்தான் வலி எழுப்பியது. மத்தியானத்துக்குள் பெண்பிள்ளை பிறந்துவிட்டது. ரவி கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தான். எடுத்த கையோடு வாட்ஸ்அப்பைத் திறந்தான். படுத்தபடியே வதனி சொன்னாள்: "இப்ப அதை அனுப்பினியளெண்டால், தேத்தண்ணி நீங்கள்தான் ஊத்தவேணும்."

அவன் போனைப் பொக்கெற்றில் வைத்துவிட்டான்.

வீடு நல்லதோ ஆஸ்பத்திரி நல்லதோ என்று கேட்கிறவர்களிடம், உங்கள் வீட்டில் தேத்தண்ணி ஊற்றுவது யார் என்றுதான் இப்போது நான் முதலில் விசாரிக்கிறேன்.