ஜப்பான் ஷூவும் மாதனூர் காலும்

அமெரிக்கா வரியை ஏற்றியதும், அங்கே போய்க்கொண்டிருந்த பூட்ஸ் ஆர்டர் எங்கள் ஆம்பூர் கம்பெனியில் நின்றுபோனது. புது ஆர்டர் வராவிட்டால் எங்கள் தையல் லைனை மூடிவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எல்லோரும் தொங்கிய முகத்தோடு இருக்க, மாதனூரில் கம்பெனி பஸ் ஏறி என் பக்கத்தில் உட்காரும் அக்கா மட்டும் அசரவில்லை.

"அமெரிக்காக்காரன் கதவ சாத்திட்டா இன்னா, ஜப்பான்லருந்து பொண்ணு பாக்க வர்றாங்களாம். நல்லா பவுடர் போட்டுக்கினு வா" என்றாள்.

சம்பந்தம் நிஜம்தான். ஷூவின் அடிப்பாகமான சோல் வியட்நாமிலிருந்து, தோலும் தையலும் நம்மூர், போகிற இடம் ஜப்பான். ஆனால் பெண்கள் போடும் ஷூ. பூட்ஸ் சாம்பிளைப் போட்டுப் பார்க்க பேக்கிங் அண்ணன் கால் போதுமாக இருந்தது. இதற்குப் பெண்ணின் கால் வேண்டும். சைஸ் பொருந்தியதால், தோலுக்கு அளவு வெட்டும் பேட்டர்ன் மாஸ்டர் அக்காவைக் கூப்பிட்டார்.

"விரலாண்ட பிடிக்குது சார்."

அகலமாக்கினார்.

"இன்னும் பிடிக்குது சார்."

இன்னும் அகலமாக்கினார்.

ஆர்டர் கொடுக்க வந்த ஜப்பான் அம்மாவுக்கும் அதே சைஸ் கால். போட்டு நடந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார். விரல் பக்கம் லூசு. சாயங்காலம் கிளம்பிவிடுவாராம். "பேஜாராப் போச்சே" என்று மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

என் பின் மெஷினில் தைக்கும் ஆபா, பேர்ணாம்பட்டு உருது வீட்டுப் பெண், எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அவ மெட்டிக்கும் சேத்து இல்ல தச்சிருக்கீங்க மாஸ்டர்."

எல்லோரும் குனிந்து அக்கா காலைப் பார்த்தோம். தினமும் பார்க்கிற கால். ஆனாலும் அதிலிருந்த மெட்டி அதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"கழட்டிட்டுப் போடும்மா" என்றார் மாஸ்டர்.

"எங்க வீட்டுக்காரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு, நான் ஏன் கழட்டணும்? ஆபாவுக்கும் என் சைஸ்தான். அவ விரல் சும்மாதான கெடக்குது."

மாஸ்டர் முதல் பேட்டர்னையே எடுத்தார். மதியச் சோற்றை மறந்து வெட்டினோம், தைத்தோம். ஆபாவுக்கு அச்சாகப் பொருந்தியது. ஜப்பான் அம்மா வாங்கிப் போட்டு, லைன் கடைசி வரை நடந்து, சிரித்துக்கொண்டே திரும்பினார். ஆர்டர் கையெழுத்தானது.

இப்போது எந்த சாம்பிள் வந்தாலும் ஆபாவுக்குத்தான் அழைப்பு.

"மகாராணி கால் போவுது, வழி வுடுங்கடி" என்பாள் அக்கா.

"பேசாம என் பீஸையும் சேத்து தை. இந்தக் காலாலதான் உனக்கு வேலையே ஓடுது" என்று நடையை இன்னும் மெதுவாக்குவாள் ஆபா.

அக்கா முணுமுணுத்தபடியே ஆபாவின் பீஸை இழுத்துத் தைக்க ஆரம்பிப்பாள்.