கண்டக்குளிக் கரையில் தாத்தாவைத் தேடினோம்

பாலாவிச் சந்தியில் பஸ் வலப்பக்கம் திரும்பியதும், என் மனைவி சரசு என்னை நகர்த்திவிட்டு ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டாள். உப்பளங்கள் கழிந்தன. பிறகு ஒரு பக்கம் கடல்நீர் தேங்கிய களப்பு, மறுபக்கம் மணலில் வெங்காயப் பாத்திகளும் தென்னந்தோப்புகளும். ஹட்டனிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, குருநாகலில் ஒரு பஸ், புத்தளத்தில் இன்னொரு பஸ் மாறி வந்திருந்தோம். புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்கு ஆளுக்கு எண்பது ரூபாய்.

நான் தையல்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அளவெடுக்கும்போது கேட்க வேண்டியதைக் கேட்பேன். அதற்கு மேல் முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்க மாட்டேன். சரசு எனக்கும் சேர்த்துப் பேசுவாள். கடையில் தொங்கிய கலண்டரில் கற்பிட்டிக் கடலின் டொல்பின் படத்தைப் பார்த்ததிலிருந்து, அதை நேரில் பார்க்க அவளுக்கு ஒரே ஆசை. நாட்டில் சண்டை முடிந்து பாதைகள் திறந்து, போனவர்கள் எல்லாம் வந்து கதை சொன்னபிறகு ஆசை பிடிவாதமாகிவிட்டது. புறப்படுவதற்கு முன் எங்கள் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

"பார்க்காமத் திரும்பினா, இருட்டினபிறகுதான் வீட்டுக்குப் போகணும்ங்க" என்றாள். எங்களுக்கு இருந்ததோ ஒரே ஒரு காலைப்பொழுது.

மதியம் கற்பிட்டியில் இறங்கினோம். கடைத்தெருவில் கழுதைகள் சொந்தக்காரர் போல நடந்து திரிந்தன. தங்குமிடம் ரிஸ்மி என்ற இளைஞருடையது. அறைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பின்னேரம் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்தோம். உள்ளே கடற்படையினர் இருப்பதால் ஒரு சிப்பாய் கூடவே வந்து காட்டினார். சுவர்கள் இரண்டு ஆள் படுக்கும் அகலம். அங்கிருந்து களப்போரம் போனால், வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீர்மேல் வழுக்கிப் போகிறார்கள். சரசு அவர்கள் விழுவதைப் பார்த்துச் சிரித்தாள். நான் அந்தப் பட்டத்துத் துணியின் தையலைப் பார்த்தேன். இரட்டைத் தையல், நல்ல வேலை. திரும்பும் வழியில் கட்டாக் கருவாடு இரண்டு கிலோ வாங்கினோம்.

இரவு இடியப்பமும் நண்டுக் கறியும் வைத்துவிட்டு ரிஸ்மி சொன்னார்: "நான் விடியச் சுபஹு தொழுதுட்டு நேரா புத்தளம் போறன். நீங்க யோசிக்க வாணாம். தாத்தாட்டச் சொல்லீக்கிறன். ஆறரைக்குக் கண்டக்குளிக் கரைக்குப் போய் தாத்தாவப் புடிங்க. போட்டெல்லாம் தாத்தாட பொறுப்பு."

"பாவம், வயசான காலத்துல அவ்வளவு வெள்ளனவே எழும்பணுமே" என்றாள் சரசு அறைக்குள் வந்ததும். தாத்தாவுக்குக் கொடுக்கவென்று, ஊரிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பக்கெட் ஒன்றை எடுத்து வைத்தாள்.

காலை ஆறரைக்கு முன்பே ஓட்டோ எங்களைக் கண்டக்குளியில் இறக்கிவிட்டது. கடல் துவைத்து விரித்த துணிபோலக் கிடந்தது. போட்டுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போயின. தாத்தா என்று சொல்லத்தக்கவர் கரையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். வெள்ளைத் தாடி, தொப்பி, மடியில் வலை. நாங்கள் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வலையை முடிந்துகொண்டே இருந்தார்.

முக்காடிட்ட பெண் ஒருவர் இரண்டு முறை எங்கள் முன்னால் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். முன்பின் தெரியாத பெண்களை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சம். மணலைப் பார்த்துக்கொண்டேன். ரிஸ்மியின் போன் வேலை செய்யவில்லை. ஏழரை மணிக்கு, முதலில் போன போட்டுகள் கரை திரும்பத் தொடங்கின. சரசு என் விலாவில் இடித்தாள்.

"கேளுங்க. ஆம்பளைகிட்ட ஆம்பளைதானே கேக்கணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்: "தாத்தா, எங்க போட்டு எது?"

அவர் வலையைக் கீழே வைத்தார். "யாரு தாத்தா? தம்பி, என்னப் பாத்தா பொம்புளயாட்டமா ஈக்கிது?"

எனக்குக் காது சுட்டது. விஷயத்தைச் சரசு சொல்லி முடிப்பதற்குள் அவர் தாடி குலுங்கச் சிரித்தபடி கூவினார்: "புள்ள ஸரீனா! இங்க வா! ஒண்ட பேரப்புள்ளையள் ஒரு மணித்தியாலமா எனக்குப் பக்கத்துல ஒக்காந்தீக்கி!"

முக்காடிட்ட பெண் ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். "அல்லாஹ்வே! நான் ரோட்டப் பாத்து நிக்கிறன், நீங்க மண்ணப் பாத்து ஒக்காந்தீக்கிறீங்களே! நான்தான் தாத்தா. ரிஸ்மிட மூத்த தாத்தா."

"நீங்களா தாத்தா?" என்றாள் சரசு. "நாங்க தாடியோட ஒருத்தர்னு நெனச்சோம்க்கா."

"எங்கட ஆக்கள் அக்காவத் தாத்தாண்டுதான் கூப்புடுற. சிலாபத்துப் பக்கம் போனா இன்னம் மோசம், சிங்களத்துல தாத்தாண்டா அப்பா, அங்க நான் வாப்பாவாயிடுவன்!"

சிரிப்பு அடங்கியதும், கரைக்கு வந்த ஒரு போட்டுக்காரர், "இனிப் போய் வேலல்ல. டொல்பினெல்லாம் வெளிக்கடலுக்குப் போயிட்டு" என்றார். சரசுவின் முகம் சுருங்கிவிட்டது. ஸரீனா அதைக் கவனித்தார். அவருடைய இன்னொரு தம்பி நௌபர்தான் எங்கள் போட்டுக்காரர். அவரிடம், "மலையிலேந்து வந்தீக்கிறாங்க. காட்டாமக் கூட்டிட்டு வந்தா பகலைக்கு ஒனக்குச் சோறில்ல" என்றார். ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய். மிதவைச் சட்டையை ஸரீனாவே எங்களுக்கு மாட்டிவிட்டார்.

கரை ஒரு கோடாகும்வரை போனோம். ஒன்றுமில்லை. நௌபர் இஞ்சினை நிறுத்தி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். மறுபடி வடக்கே ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். வேறு போட்டுச் சத்தமே இல்லை. "சோறு போச்சு" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, போட்டுக்கு அடியிலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. பிறகு எல்லாப் பக்கமும் முதுகுகள். குட்டியோடு ஒன்று, கூட்டமாகப் பத்து. ஒன்று தண்ணீரை விட்டு மேலே எழும்பி, தையல் மெஷின் பொபினில் நூல் சுற்றுவதுபோல விர்ரென்று சுழன்று விழுந்தது. எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள் என் சட்டைக் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடித்த இடத்தில் தையல் விட்டுப்போயிருந்தது; கரைக்கு வந்தபிறகுதான் பார்த்தேன்.

தேயிலைப் பக்கெட்டைத் தாத்தாவிடமே கொடுத்தோம். தாடிக்காரர், "எனக்கில்லையா, மகள்?" என்று கேட்டு ஒரு தேத்தண்ணிக்கு உரிமை வாங்கிக்கொண்டார்.

பகல் புத்தளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ் நகர்ந்தபிறகுதான் கருவாட்டுப் பையை அறையில் விட்டது நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தால், பின்னால் ஸரீனா பையை ஆட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிறார். அவருடைய ஹோன் சத்தம் பஸ் பாட்டில் அமுங்கிவிட்டது. நான் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்: "தாத்தா! தாத்தா!"

சிங்களக் கொண்டக்டர் பதறிப்போய் மணியை அடித்தார். "நிப்பாட்டு, நிப்பாட்டு! இவர்ட தாத்தா ஏறல்ல!"

பஸ் நின்றது. என் அப்பாவுக்காக ஒருவர் முன் சீட்டிலிருந்து எழுந்து இடம்கூட விட்டார். ஸரீனா மூச்சிரைக்க வாசலில் வந்து பையை நீட்டினார். கொண்டக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மே தாத்தாத?" இவரா அப்பா என்று கேட்டார்.

"ஓம், தாத்தாதான்" என்றார் ஸரீனா. பஸ்ஸில் தமிழ் தெரிந்தவர், சிங்களம் தெரிந்தவர் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பாலாவி வரும்வரை கருவாட்டு வாசத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

"நீங்க இவ்வளவு சத்தமாக் கத்துவீங்கன்னு எனக்கு இத்தன வருசமாத் தெரியாதுங்க" என்றாள் சரசு.

எனக்கும் தெரியாது என்றேன்.